காரில்லாமல் பாலைவன நகரத்தில் குடியேற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரிசோனாவுக்கு வந்தது படிப்பதற்காக. டெம்பியில் இரண்டு வருடம், வேலை கிடைத்து ஃபீனிக்ஸின் வடகோடியில் மூன்று வருடம், அப்புறம் டூசானில் இன்றுவரை. சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலும் வாடகை கட்டி அலுத்துப்போனவர்கள் "உங்கள் பக்கம் வந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் காரைச் சார்ந்து வாழ விரும்பாதவர்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தெந்த ஊர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஐந்து ஊர்கள்: அரிசோனாவில் டூசான், ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பி, நியூ மெக்சிகோவில் ஆல்பகர்க்கி, லாஸ் க்ரூசஸ், டெக்சாஸின் மேற்கு மூலையில் எல் பாசோ. லாஸ் வேகஸைச் சேர்க்கவில்லை, அங்கே நான் சுற்றிப் பார்க்கப் போனதோடு சரி. சாண்டா ஃபே நடப்பதற்கு அருமையான ஊர், ஆனால் அதை யாரும் மலிவு என்று சொல்ல மாட்டார்கள். ஃபிளாக்ஸ்டாஃப் பாலைவனமே இல்லை, பைன் காடு.

சுருக்கமாகச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு வரலாம்?

கார் வேண்டாம், வாடகையும் அடங்கி இருக்க வேண்டும் என்றால் டூசானின் நடுப்பகுதி; ட்ராம் தடத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு பாருங்கள். வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் ஆல்பகர்க்கியின் நாப் ஹில் அல்லது பல்கலைக்கழகப் பகுதி. வேலை சிப் தொழிற்சாலையிலோ மென்பொருளிலோ என்றால் டெம்பி. மாதச் செலவு ஒன்றுதான் கணக்கு என்றால் எல் பாசோ.

இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உடனே வீடு தேட ஆரம்பித்துவிடாதீர்கள். இங்கே ஊரைவிடத் தெருதான் முக்கியம். டூசானில் தப்பான இடத்தில் வீடு எடுத்தால், ஃபீனிக்ஸின் நல்ல தெருவில் இருப்பவரைவிட மோசமாக அவதிப்படுவீர்கள்.

ஊரைவிடத் தெரு முக்கியம் என்றால்?

இந்த ஊர்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் புரியும். டூசான், ஃபீனிக்ஸ் இரண்டிலும் மைலுக்கு ஒரு பெரிய சாலை என்று சதுரம் சதுரமாகக் கோடு கிழித்திருக்கிறார்கள். பெரிய சாலை என்றால் ஆறு வழி, நாற்பது நாற்பத்தைந்து மைல் வேகம். கடைகள் எல்லாம் அந்தச் சாலையோரம், ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு கார் நிறுத்தும் மைதானம். வரைபடத்தில் பார்த்தால் கடை அரை மைல்தான். நடந்தால் அந்த அரை மைலில் ஒரு மரம்கூட இருக்காது. அடுத்த சிக்னல் தொலைவில் இருக்கும். தார் மைதானத்தின் சூடு கீழிருந்து ஏறும்.

பழைய டூசான் அப்படி இல்லை. டவுன்டவுனுக்குத் தெற்கே பாரியோ வியேஹோ என்ற பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பச்சை மண் செங்கல்லில் கட்டிய தடித்த சுவர் வீடுகள், வாசல் நேரே தெருவில் திறக்கும், தெருவும் குறுகல். சுவரின் நிழலே நடைபாதையின் மேல் விழும். திண்ணை ஒன்றுதான் இல்லை, மற்றபடி நம் பழைய தெருக்களின் கணக்குதான். மெக்சிகோ வழி வந்த குடும்பங்களும் சீனர்களும் மற்றவர்களும் கலந்து வாழ்ந்த இந்தப் பகுதியின் பெரும்பங்கை 1960களின் கடைசியில் நகரச் சீரமைப்பு என்ற பேரில் இடித்து, அந்த இடத்தில் மாநாட்டு மையம் கட்டினார்கள். அந்த மையம் 1971இல் திறந்தது. மிஞ்சியது ஒரு துண்டு. அந்தத் துண்டில்தான் இன்று ஊரின் விலை உயர்ந்த வீடுகள் இருக்கின்றன. நடக்கத் தோதாக இருந்ததை இடித்துவிட்டு, மிச்சம் இருப்பதைப் பொக்கிஷமாக விற்கிறார்கள். அங்கே நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால் உங்கள் தேடல் 1940க்கு முன்பு உருவான பகுதிகளிலிருந்து தொடங்கட்டும். டூசானில் ஆர்மரி பார்க், வெஸ்ட் யுனிவர்சிட்டி, டன்பார் ஸ்பிரிங், அயர்ன் ஹார்ஸ், மென்லோ பார்க். ஆல்பகர்க்கியில் சென்ட்ரல் அவென்யூவை ஒட்டிய நாப் ஹில், டவுன்டவுன், ஓல்ட் டவுன். எல் பாசோவில் சன்செட் ஹைட்ஸ். லாஸ் க்ரூசஸில் மெஸ்கீட் வரலாற்றுப் பகுதி. இவற்றுக்குள் முழு வீடு வாங்குவது கடினம், ஆனால் பின்கட்டுச் சிறுவீடு, பிரித்து விட்ட பழைய வீட்டின் ஒரு பகுதி, நான்கைந்து வீடு கொண்ட சின்ன அடுக்கு இவையெல்லாம் வாடகைக்கு வரும். பெரிய இணையதளங்களில் இவை குறைவு. சைக்கிளில் சுற்றினால் வாசலில் தொங்கும் அட்டை கண்ணில் படும். எங்கள் முதல் வீடு அப்படித்தான் கிடைத்தது.

110 டிகிரி வெயிலில் யாராவது நடப்பார்களா?

நடப்போம், நேரம் பார்த்து. சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் (43 செல்சியஸ்) தொட்டது அல்லது தாண்டியது. பல இரவுகளில் 90க்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வருடம் ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் மட்டும் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. அவர்களில் பெரும்பகுதி வீடில்லாதவர்கள், முதியவர்கள், ஏசி ஓடாத வீட்டில் இருந்தவர்கள். இதைப் படித்த பிறகும் "பழகிவிடும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் பாலைவனம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. கடல்மட்டத்திலிருந்து உயரத்தைப் பாருங்கள். ஃபீனிக்ஸ் சுமார் 330 மீட்டர், டூசான் 730, எல் பாசோவும் லாஸ் க்ரூசஸும் 1,100க்கு மேல், ஆல்பகர்க்கி சுமார் 1,600, அதாவது ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரம். ஜூலையில் பகல் உச்சத்தின் சராசரி ஃபீனிக்ஸில் 106 போல இருக்கும். டூசானில் 100, எல் பாசோவில் 96, ஆல்பகர்க்கியில் 93. இதைவிட முக்கியம் இரவு. டூசானில் விடிகாலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால் உடம்பு மூச்சு விடும். ஃபீனிக்ஸ் நகரத்தின் காங்கிரீட் ராத்திரி முழுக்கச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆல்பகர்க்கியில் ஜூலை இரவில்கூட ஜன்னலைத் திறந்து தூங்கலாம். அதற்கு ஈடாகக் குளிர்காலத்தில் பனி பெய்யும், கோட்டு வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மே முதல் செப்டம்பர் வரை நாளின் வடிவமே மாறிவிடும். மளிகை, நூலகம், நடைப்பயிற்சி எல்லாம் காலை ஐந்திலிருந்து எட்டுக்குள். அப்புறம் இருட்டிய பிறகு. பதினொன்றிலிருந்து ஆறு வரை வெளியே போக வேண்டிவந்தால் ட்ராம் நிறுத்தம் வரைதான் நடை. அதற்கும் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தண்ணீர். குடை பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். நம் ஊர்ப் பாட்டிமார்கள் வெயிலுக்குக் குடை பிடித்தது சரியான யோசனை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இந்த ஊர் சொர்க்கம். அந்த ஏழு மாதமும் நாள் முழுக்க நடக்கலாம்.

தெருவின் திசையையும் கவனியுங்கள். வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குப் பக்க நடைபாதையிலும் மாலையில் மேற்குப் பக்கத்திலும் கட்டட நிழல் விழும். ஜூன் மாத உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும், எந்தக் கட்டடமும் உதவாது. அப்போது மரம் ஒன்றே கதி.

மரம் என்றதும் டன்பார் ஸ்பிரிங் பகுதியைச் சொல்லியாக வேண்டும். அங்கே குடியிருக்கும் பிராட் லங்காஸ்டர் என்பவரும் அக்கம்பக்கத்தாரும் 1990களிலிருந்து தெருவோரம் உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள். நடைபாதை விளிம்புக் கல்லைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, தெருவில் ஓடும் மழைநீர் மரக்குழிக்குள் இறங்கும்படி செய்தார்கள். முதலில் அது சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. பிறகு நகராட்சியே அனுமதித்து வழிமுறை வகுத்தது. இன்று அந்தத் தெருக்களில் நுழைந்தால் மெஸ்கீட், பாலோ வெர்டே மர நிழலில் நடக்கலாம். மெஸ்கீட் வேறு யாரும் இல்லை, நாம் வெட்டி எறியத் துடிக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ஆனால் இங்கே அது மண்ணின் மரம். அதன் காயை அரைத்து மாவாக்குகிறார்கள், அதன் நிழலில் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து முகம் சுளித்தேன். இப்போது வீடு பார்க்கப் போனால் முதலில் அந்த மரம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இணையத்தில் நடை மதிப்பெண் போடுகிறார்களே, அது போதாதா?

கடைகள் எவ்வளவு பக்கம் என்று அது சொல்லும். நிழல் இருக்கிறதா, சாலை எத்தனை வழி, சிக்னல் எங்கே என்று சொல்லாது. நூற்றுக்கு 70 மதிப்பெண் வாங்கிய ஒரு முகவரியில் நான் மூன்று வருடம் இருந்தேன். கோடையில் ஒருநாளும் கடைக்கு நடந்து போனதில்லை. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தெருவின் மேல் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமான வழி.

மலிவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வாடகையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஐந்து ஊர்களில் டெம்பியில்தான் வாடகை அதிகம். டூசானும் ஆல்பகர்க்கியும் நடுவில். எல் பாசோவும் லாஸ் க்ரூசஸும் குறைவு. ஆனால் உங்கள் பணம் கரையும் இடம் வாடகை மட்டும் இல்லை, கார்தான். 2024இல் அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ கணக்குப்படி ஒரு புதுக் கார் வைத்துக்கொள்ள ஆகும் சராசரிச் செலவு வருடத்துக்கு 12,297 டாலர். மாதம் ஆயிரத்துக்கு மேல். பழைய கார் என்றால் இவ்வளவு ஆகாது, ஆனாலும் இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர் எல்லாம் உண்டு. பாலைவன வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். அதனால் ஊரின் ஓரத்தில் முந்நூறு டாலர் குறைவான வீட்டை எடுத்துவிட்டு, அதற்காக இரண்டாவது கார் வாங்குவது நஷ்டக் கணக்கு. நடுப்பகுதியில் சின்ன வீடாக எடுத்து ஒரு காரோடு, முடிந்தால் காரே இல்லாமல் இருந்தால் மிஞ்சும்.

பஸ் செலவு என்று பார்த்தால், டூசானில் 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் கட்டணத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் பஸ்ஸும் ட்ராமும் இலவசமாகவே ஓடின. பட்ஜெட் சமயத்தில் இது விவாதத்துக்கு வரும், நீங்கள் குடிவருவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆல்பகர்க்கி 2022இல் சோதனையாகத் தொடங்கி 2023 நவம்பரில் கட்டணமில்லாப் பயணத்தை நிரந்தரமாக்கியது. கையில் காசில்லாத ஒரு மாதத்தில் இதன் அருமை தெரியும்.

வரி: டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆனால் வீடு வாங்கினால் சொத்து வரி பலமாக இருக்கும். அரிசோனாவில் 2023 முதல் எல்லோருக்கும் ஒரே விகிதம், 2.5 சதவீதம். அதோடு, வீட்டு வாடகையின் மேல் நகராட்சிகள் போட்டுவந்த வரியும் 2025 ஜனவரி 1 முதல் இல்லை. பழைய ஒப்பந்தத்தை அப்படியே நீட்டிக்கும்போது இந்த வரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நியூ மெக்சிகோவில் வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும்.

கரண்ட் பில்லைக் கேட்காமல் வீடு எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஜூலை பில் ஏப்ரல் பில்லைப் போல இரண்டரை மடங்கு வரும். முன்பு இருந்தவரின் ஜூலை, ஆகஸ்ட் பில் எவ்வளவு என்று உரிமையாளரிடம் கேளுங்கள். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் இருந்தால் வாடகையோடு ஒரு தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏர்கூலர் மட்டும் உள்ள வீடு குறைந்த வாடகைக்கு வருகிறது. எடுக்கலாமா?

டூசானில் எடுக்காதீர்கள் என்பேன். ஆல்பகர்க்கியில் எடுக்கலாம்.

கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாவதை வைத்து. மே, ஜூனில் காற்று எலும்புவரை காய்ந்திருக்கும்போது அபாரமாகக் குளிரும், கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும். ஜூலையில் மெக்சிகோ பக்கமிருந்து பருவமழைக்காற்று வந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்புறம் கூலர் வெறும் ஈரக்காற்றைத் தள்ளும். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. டூசானில் என் முதல் கோடையில் கூலர் வீட்டில்தான் இருந்தேன். ஜூலை இரண்டாம் வாரம் ஒரு இரவு வீட்டுக்குள் 91 டிகிரி. பழுது பார்க்கச் சொல்லி வாடகை நிர்வாகத்துக்குப் போன் செய்தால் "அது நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார்கள். ஓடியது உண்மைதான். மறுவருடம் ஏசி உள்ள வீட்டுக்கு மாறினோம்.

ஃபீனிக்ஸ் நகரத்தில் இதற்கு விதி உண்டு: வாடகை வீட்டில் ஏசி இருந்தால் 82 டிகிரிக்கும், கூலர் என்றால் 86க்கும் மேல் போகாமல் குளிர்விக்க முடிய வேண்டும். நீங்கள் போகும் ஊரின் விதியைக் கையெழுத்துப் போடும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டூசான் ட்ராம் எங்கெங்கே போகிறது? அதை நம்பி வாழலாமா?

2014 ஜூலையில் தொடங்கிய சன் லிங்க் ட்ராம் தடத்தின் நீளம் 3.9 மைல்தான். ஆனால் அது தொடும் இடங்கள் முக்கியம்: பல்கலைக்கழக மருத்துவமனைப் பக்கம் தொடங்கி, பல்கலைக்கழகம், ஃபோர்த் அவென்யூ கடைத்தெரு, டவுன்டவுன், ஃப்ரீவேயைத் தாண்டி மெர்காடோ வரை. வேலை, படிப்பு, மருத்துவம் இந்தக் கோட்டில் இருந்தால் தாராளமாக நம்பலாம். பெரிய மளிகைக் கடைகள் இந்தக் கோட்டை விட்டுத் தள்ளி இருப்பதுதான் குறை. வாரம் ஒருமுறை பஸ் அல்லது சைக்கிள் தேவைப்படும். சைக்கிள் என்றால் டூசான் மற்ற நான்கு ஊரையும் தோற்கடிக்கும்: ஊரைச் சுற்றி 130 மைலுக்கு மேல் காரே வராத பாதை, உள்ளே மூன்றாம் தெரு போல் சைக்கிளுக்கென்று அமைதிப்படுத்திய தெருக்கள். பெரிய சாலையைக் கடக்க, பொத்தானை அழுத்தினால் மட்டும் சிவப்பு எரியும் ஹாக் சிக்னல்கள் உண்டு. அமெரிக்கா முழுக்க இன்று பரவியிருக்கும் அந்த சிக்னல் டூசானில் பிறந்ததுதான்.

டெம்பியில் காருக்கே இடமில்லாத குடியிருப்பு கட்டியிருக்கிறார்களாமே?

ஆமாம், கல்டிசாக். 2023இல் குடியேற்றம் தொடங்கியது. சுமார் 17 ஏக்கர், அப்பாச்சி பூலவார்டில் மெட்ரோ ரயில் நிறுத்தத்தின் பக்கத்திலேயே. குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்தும் இடமே கிடையாது. வெள்ளைச் சுவர்கள், வேண்டுமென்றே குறுக்கிக் கட்டிய சந்துகள், நடுவே முற்றங்கள். கார் மைதானத்துக்குப் போகும் நிலம் முழுக்க மனிதர்களுக்குக் கிடைத்தால் பாலைவன ஊர் எப்படி இருக்கும் என்று அங்கே நடந்தால் தெரியும். பழைய பாரியோ வியேஹோவின் பாடத்தை அறுபது வருடம் கழித்து மறுபடி படித்திருக்கிறார்கள். வாடகை புதுக் கட்டடத்துக்கு உரிய வாடகைதான். கார் செலவைக் கழித்துப் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். தனியாள் அல்லது தம்பதி, வேலை ரயில் தடத்தில் என்றால் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 2008 டிசம்பரில் தொடங்கிய அந்த ரயில் டெம்பியிலிருந்து ஃபீனிக்ஸ் டவுன்டவுனுக்கும் மறுபக்கம் மேசாவுக்கும் போகிறது. விமான நிலையத்துக்கும் இணைப்பு உண்டு.

ஆல்பகர்க்கி பாதுகாப்பான ஊரா?

குற்றங்கள் அங்கே தேசிய சராசரியைவிட அதிகம், கார் திருட்டு உட்பட. சென்ட்ரல் அவென்யூவில் ஒரு நிறுத்தம் கலகலப்பாகவும் அடுத்த சில நிறுத்தங்கள் தள்ளி மனதைக் கலங்கடிப்பதாகவும் இருக்கும். என் நண்பரின் குடும்பம் நாப் ஹில்லில் இருக்கிறது. மாலையில் குழந்தையோடு நடக்கிறார்கள், இரவு பத்துக்கு மேல் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்பதில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது சாலை. மக்கள்தொகை விகிதத்தில் பாதசாரிகள் அதிகம் இறக்கும் மாநிலமாக நியூ மெக்சிகோ பல வருடங்களாக முதலிடத்தில் இருக்கிறது. அரிசோனாவும் அந்தப் பட்டியலில் மேலேதான். இரவில் வெளிர் நிறச் சட்டை போடுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் பெரிய சாலையைக் கடக்காதீர்கள். கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, அந்த ஊரின் நல்லதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் தொடங்கிய விரைவுப் பஸ் சென்ட்ரலின் நடுவே தனிப்பாதையில் ஓடுகிறது. ரயிலேறி சாண்டா ஃபே போய் வரலாம். ரியோ கிராண்டே ஓரம் காட்டன்வுட் மரக்காட்டுக்குள் 16 மைல் பாதை. இலையுதிர் காலத்தில் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு நான் டூசானுக்குத் திரும்ப மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எல் பாசோ, லாஸ் க்ரூசஸ் பற்றி அதிகம் சொல்லவில்லையே?

எல் பாசோவின் பழைய டவுன்டவுன் உண்மையான நடைநகரம். எல்லைப் பாலத்தைக் கடந்து மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்திலிருந்து நடந்து வருபவர்களால் கடைத்தெரு எப்போதும் கூட்டமாக இருக்கும். 1950களில் ஓடிய அதே ட்ராம் பெட்டிகளைப் புதுப்பித்து 2018 நவம்பரில் மறுபடி ஓடவிட்டார்கள். டவுன்டவுனையும் பல்கலைக்கழகத்தையும் இணைக்கிறது. அந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் பூட்டான் மடாலயங்களின் பாணியில் இருப்பது முதல்முறை பார்ப்பவரை நிற்க வைத்துவிடும். குறை என்னவென்றால் டவுன்டவுனைத் தாண்டினால் ஊர் மலையைச் சுற்றி நீண்டு பரந்துவிடும், அங்கே கார் இல்லாமல் முடியாது.

லாஸ் க்ரூசஸ் சின்ன ஊர். சனிக்கிழமைச் சந்தை, பின்னால் ஆர்கன் மலை. ஓய்வு பெற்றவர்களுக்கும் பல்கலைக்கழக ஆட்களுக்கும் பொருத்தம்.

தண்ணீர் தீர்ந்துவிடாதா?

நியாயமான பயம். கொலராடோ ஆற்றில் தட்டுப்பாடு என்று வரலாற்றிலேயே முதன்முறையாக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. அரிசோனாவின் பங்கில்தான் பெரிய வெட்டு விழுந்தது. முதல் அடி பினால் மாவட்ட விவசாயிகளுக்கு. ஆற்றைப் பங்கிடும் இப்போதைய விதிகள் 2026 வரைதான்.

டூசானுக்கு அந்த ஆற்று நீர் 336 மைல் கால்வாயில் வருகிறது. வரும் நீரை நகரத்துக்கு மேற்கே ஆவ்ரா பள்ளத்தாக்கில் குளம் குளமாகத் தேக்கி மண்ணுக்குள் இறக்கி, பிறகு கிணறுகளில் எடுக்கிறார்கள். நிலத்தடியில் ஒரு சேமிப்புக் கணக்கு போல. மக்கள்தொகை கூடியும் நகரம் மொத்தமாக எடுக்கும் தண்ணீர் 1980களின் அளவிலேயே நிற்கிறது. எல் பாசோ 2007 முதல் உப்பு நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலையை நடத்துகிறது. பிரச்சினை அதிகம் உள்ளது புறநகர்களில்: 2023 ஜூனில் அரிசோனா அரசு, நிலத்தடி நீரை மட்டும் நம்பி ஃபீனிக்ஸ் ஓரங்களில் புதிய குடியிருப்புகள் போடுவதற்கு அனுமதியை நிறுத்தியது. தண்ணீர் கணக்கிலும் பழைய நடுநகரம்தான் கெட்டியான இடம்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

வேலி ஃபீவர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாலைவன மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் துகள் புழுதியோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். நாட்டில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பங்கு அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும்தான். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், கடுமையான அசதி. மருத்துவர்கள் சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "வேலி ஃபீவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

தேள் உண்டு. செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். புறஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும்.

மழைக்காலத்தில் வறண்ட ஓடைகள் பத்து நிமிடத்தில் காட்டாறாகும். தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழமற்றதாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். ஆனால் முதல் மழையில் கிரியோசோட் புதர் கிளப்பும் வாசனை இருக்கிறதே, அதற்காகவே ஜூன் முழுக்கக் காத்திருக்கலாம்.

வேலை, விசா விஷயம்?

டூசானில் பெரிய தனியார் முதலாளி ஏவுகணை செய்யும் ரேதியான். ஆல்பகர்க்கியில் அணு ஆயுத ஆய்வு செய்யும் சாண்டியா ஆய்வுக்கூடம். இவற்றின் பெரும்பாலான பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஹெச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு டூசானில் மிஞ்சுவது பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும்தான். ஃபீனிக்ஸ் பக்கம் சிப் செய்யும் இன்டெல், டிஎஸ்எம்சி என்று வாய்ப்பு பரந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் என்றால் கவலையில்லை, ஒன்றைத் தவிர: அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. வருடத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் உங்கள் மீட்டிங் நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும்.

நம் மளிகை, கோயில், மனிதர்கள்?

டெம்பி, சேண்ட்லர் பக்கம் எல்லாம் கிடைக்கும். ஃபீனிக்ஸுக்குத் தெற்கே மாரிகோபா என்ற ஊரில் மகாகணபதி கோயில் இருக்கிறது, ஆனால் கார் இல்லாமல் போக முடியாது. டூசானில் இந்தியக் கடைகள் விரல்விட்டு எண்ணலாம். ஆனால் மெக்சிகன் கடைகளில் கொத்தமல்லி, பச்சை மிளகாய், புளி, மாங்காய் தாராளம். முருங்கைக்காய்க்கு என் மனைவி பின்கட்டில் மரமே வைத்துவிட்டாள், மழைநீரில்தான் வளர்கிறது.

எப்போது வந்து பார்ப்பது?

பிப்ரவரியில் வராதீர்கள். பிப்ரவரியில் பார்த்தால் எல்லா ஊரும் பிடித்துவிடும். ஜூன் கடைசி வாரம் வாருங்கள், ஐந்து நாள் கார் எடுக்காமல் தங்குங்கள். எடுக்க நினைக்கும் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் மளிகைக் கடைக்கும் ஒருமுறை காலை ஆறு மணிக்கு, ஒருமுறை மாலை நான்கு மணிக்கு நடந்து பாருங்கள். வழியில் எத்தனை நிமிடம் நிழலில் இருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, கூரையின் நிழல் மாலையில் பெஞ்சின் மேல் விழுகிறதா, பக்கத்துச் சாலையின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்குவார்கள் என்றால், அவர்கள் நடை வேகத்தில் அந்த வழியை இன்னொரு தடவை நடந்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.